இழுத்தவுடன் விழாத கியர்

வால்பாறையில் இருந்து ஆழியாறுக்கு இறங்கும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ஏறும்போது எண் கூடிக்கொண்டே போகும். இறங்கும்போது 40, 39, 38 என்று குறைந்துகொண்டே வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். லேசான மூடுபனி, ஈரமான சாலை. 22-ம் வளைவை நோக்கி ஒரு கறுப்பு நிற வெளிநாட்டு கார் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டியவருக்கு 46 வயது. கோவையில் சிறிதாக லேத் பட்டறை வைத்து, அதை மெல்ல மெல்ல நாலு சி.என்.சி மெஷின் ஓடும் இடமாக வளர்த்தவர். பக்கத்து சீட்டில் அவர் அப்பா, வயது 74. முப்பது வருடத்துக்கும் மேலாக அரசு பஸ் டிரைவர். சேரன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் பஸ்களில் இருந்த காலத்திலேயே பொள்ளாச்சி - வால்பாறை ரூட்டில் வண்டி ஓட்டியவர். அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

வளைவு நெருங்கியது. கீழே இருந்து ஒரு பஸ் ஏறி வருவது மரங்களுக்கு இடையே தெரிந்தது. மகன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த இடதுபக்கப் பேடிலை இழுத்தார். கியர் இறங்க வேண்டும், என்ஜின் உறும வேண்டும், வண்டி தானாகவே நிதானப்பட வேண்டும். எதுவும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையும் இழுத்துவிட்டு, பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

அப்போதுதான் கேட்டதெல்லாம் வந்து சேர்ந்தது. வளைவின் நடுவில் கியர்கள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. வண்டி குலுங்கியது. ஈரத்தில் பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. கார் நின்றபோது பஸ்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகும் அளவு இடம்தான் இருந்தது. பஸ் டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அது இறங்குகிறவருக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பின்னால் எடுத்து, பஸ்ஸுக்கு வழி விட்டு, மறுபடி இறங்க ஆரம்பித்தார்கள்.

"பயந்துட்டீங்ளாப்பா?"

பதில் இல்லை.

"அப்பா, உங்களைத்தான். பயந்துட்டீங்ளா?"

அதற்கும் பதில் இல்லை. மகன் பாட்டு போட்டுவிட்டார்.

இது அந்த வீட்டில் புதிது இல்லை. ஒன்றிரண்டு வருடமாகவே அப்பாவிடம் எதைக் கேட்டாலும் பதில் தாமதமாகத்தான் வருகிறது. "இன்னொரு தோசை வைக்கட்டுங்ளா மாமா?" என்று மருமகள் கேட்டால், அவர் அடுப்படிக்குப் போய்த் திரும்பிய பிறகு "வையி சாமி" என்பார். காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயசாகிறது, அவ்வளவுதான். பேரப்பிள்ளைகள் அதை வைத்துச் சிரிப்பார்கள். மகனுக்குச் சிரிப்பு வராது. எரிச்சல்தான் வரும். கேட்டதையே இரண்டு தடவை, மூன்று தடவை சத்தமாகக் கேட்பார். அப்போது அப்பா மொத்தமாகவே பேச்சை நிறுத்திக்கொள்வார்.

அன்றைக்கு ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி, சமவெளி வந்த பிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"கேக்கறதை லேட்டாக் கேட்டுப்போட்டு, அது லேட்டாக் குடுக்குதுங்கறயே கண்ணு."

காரைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று மகனுக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

அந்தக் கார் அவருடைய நெடுநாள் ஆசை. 300 குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட என்ஜின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். புதிதாக வாங்கக் கட்டாது என்பதால், சென்னையில் ஏழு வருடம் ஓடிய வண்டியைப் பார்த்து வாங்கினார். மீட்டரில் 92,000 கிலோமீட்டர். எல்லாம் பிடித்திருந்தது, பேடிலைத் தவிர. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடதுபுறம் கழித்தல் குறி, வலதுபுறம் கூட்டல் குறி. இடது கியரைக் குறைக்கும், வலது கூட்டும். இழுத்தால் இழுத்த மாத்திரத்தில் விழ வேண்டியது, அரை நொடியோ ஒரு நொடியோ யோசித்துவிட்டுத்தான் விழுந்தது. நெடுஞ்சாலையில் அது வெறும் எரிச்சல். மலையில் விஷயம் வேறு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். அது ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம்.

முதலில் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. "இது நார்மல்தான் சார்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரி தூக்கம் வராமல் போனில் படிக்கத் தொடங்கினார். இந்தப் பேடில் எங்கிருந்து வந்தது என்பதில் இருந்தே ஆரம்பித்தார்.

வந்தது ரேஸில் இருந்து. ஃபார்முலா 1 பந்தயத்தில், டிரைவர் ஒரு கையை ஸ்டீயரிங்கில் இருந்து எடுத்துக் கியர் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்த காலம் அது. ஜான் பர்னார்ட் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர், ஃபெராரி 640 காரில் கியர் மாற்றும் வேலையை ஸ்டீயரிங்குக்குப் பின்னாலேயே கொண்டுவந்துவிட்டார். 1989 மார்ச்சில் பிரேசில் பந்தயத்தில் அது முதன்முதலாகக் களமிறங்கியது. சோதனை ஓட்டங்களில் அடிக்கடி நின்றுபோன வண்டி. பந்தய தூரம் முழுக்கத் தாங்கும் என்று அணியில் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால், ஃபெராரிக்காக முதல் பந்தயம் ஓட்டிய நைஜல் மான்செல் அதிலேயே ஜெயித்தார். நடுவில் ஸ்டீயரிங்கையே கழற்றி வேறு மாட்ட வேண்டி வந்தும் ஜெயித்தார். 1997-ல் ஃபெராரி F355-ல் அதே பேடில் சாலைக் காருக்கும் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனியாக வைக்க ஆரம்பித்தன.

இங்கேதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. ரேஸ் காரில் பேடிலுக்குப் பின்னால் இருப்பது, நாம் கையால் போடும் கியர்பாக்ஸின் வம்சம். மனிதக் காலும் கையும் செய்ததை ஹைட்ராலிக் செய்யும், அதுவும் மின்னல் வேகத்தில். பிறகு வந்த இரட்டை க்ளட்ச் கியர்பாக்ஸும் வேகமானது. 2003-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் R32-ல் அதைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கியர் ஓடும்போதே அடுத்த கியர் இன்னொரு க்ளட்ச்சில் தயாராகக் காத்திருக்கும்.

அவர் காரில் இருப்பது இரண்டும் இல்லை. டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக். சொகுசுக்காகவே பிறந்த கியர்பாக்ஸ். அதன் பேடில், கியரைத் தொடுவதே இல்லை. அது ஒரு சுவிட்ச். வீட்டில் காலிங்பெல் மாதிரி. அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும். கதவைத் திறப்பது உள்ளே இருப்பவர் வேலை.

உள்ளே இருப்பது கியர்பாக்ஸுக்கு என்றே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். பேடிலை இழுத்ததும் அது முதலில் கணக்குப் போடுகிறது. இந்த வேகத்தில் கீழ் கியர் போட்டால் என்ஜின் சுழற்சி எல்லை தாண்டுமா? தாண்டும் என்றால் வேண்டுகோளை மறுத்துவிடும். தாண்டாது என்றால் ஒரு க்ளட்ச் தொகுதியில் இருந்து ஆயில் அழுத்தத்தை விடுவித்து, இன்னொன்றில் நிரப்பும். அதே சமயம் என்ஜினுக்குத் தகவல் அனுப்பி, புதிய கியருக்குத் தகுந்த அளவு சுழற்சியை ஏற்றச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனதும் பூட்டும். நல்ல நிலையில் இருக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் இதெல்லாம் ஏறக்குறைய 200 மில்லிசெகண்டில், அதாவது ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும்.

'நல்ல நிலையில்' என்பதுதான் கேள்வி.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு சந்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருப்பதாகப் பட்டறைக்கு வரும் ஒருவர் சொன்னார். அவரிடம் கொண்டுபோனார். அவர் கம்ப்யூட்டரை எடுக்கும் முன்பே கேட்டார்.

"கியர் ஆயில் எப்பங்க மாத்துனது?"

"மாத்தவே வேண்டாம்னு புக்குல போட்டிருக்குங்க. ஆயுசுக்கும் அதே ஆயில்தானாம்."

மெக்கானிக் சிரித்தார். "யாரோட ஆயுசுன்னு புக்குல போட்டிருக்காதுங்க."

கார் கம்பெனியின் கையேடு அப்படிச் சொன்னாலும், கியர்பாக்ஸ் செய்பவர்களே 80,000-ல் இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்வதுண்டு என்று அவர் விளக்கினார். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் வெறும் வழுவழுப்புக்கு இல்லை. அதுதான் கை, அதுதான் கால். அதன் அழுத்தம்தான் க்ளட்ச்சைப் பிடிக்கிறது. ஆயில் பழசாகிக் குணம் மாறினால், கம்ப்யூட்டர் போட்டு வைத்த கணக்கும் நிஜத்தில் நிரம்பும் நேரமும் ஒத்துப்போகாது.

இறக்கியபோது ஆயில் கறுப்பாக வந்தது. முகர்ந்தால் கருகல் வாசனை. அடித்தொட்டியும் ஃபில்டரும் ஒரே துண்டு, அதையும் மாற்றினார். புது ஆயில் ஊற்றி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் அளவு பார்த்து மூடினார். பழைய ஓனரின் ஓட்டத்துக்கும் பழைய ஆயிலுக்கும் ஏற்றபடி கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்ததை அழித்தார். "இனி உங்க கையைப் பழகிக்கும். நாலஞ்சு நாள் முன்னப்பின்ன இருக்கும். பொறுத்துக்கோங்க."

ஒரு வாரம் கழித்து அதே கடைக்குப் போனார். முன்பைவிட நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் இழுத்த மாத்திரத்தில் விழவில்லை என்றார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "டி-யில வச்சு இழுக்கறீங்களா, மேனுவல்லயா?"

"டி-யிலதான்."

"அப்ப வண்டி டீசலை மிச்சம் பண்ண ஏழுலயோ எட்டுலயோ தூங்கிட்டு இருக்கும். நீங்க ஒரு தட்டு தட்டுனா ஒரு கியர்தான் இறங்கும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் நடக்கலைன்னு இன்னும் ரெண்டு தட்டுவீங்க. அது மூணையும் வரிசையா வாங்கி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் குடுக்கும். முதல்ல கேட்டதே வந்துட்டு இருக்கறப்ப மறுபடி மறுபடி கேட்டா என்னங்க பண்ணும்?"

பில் போட்டுக் கொடுத்தார். "பாதி சரியாயிருச்சுங்க. மீதி அதோட குணம். அது தெரிஞ்சு ஓட்டுங்க."

அன்று இரவு சாப்பிடும்போது மகன் அப்பாவிடம் கேட்டார். "வால்பாறை வரைக்கும் ஒருக்கா போயிட்டு வரலாங்ளாப்பா?"

பதில் வரவில்லை. மறுபடி கேட்க வாய் வந்தது. முதல்ல கேட்டதே வந்துட்டு இருக்கறப்ப, என்று மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. பேசாமல் ரசம் ஊற்றிக்கொண்டார். மோர் வருவதற்கு முன் அப்பா சொன்னார்.

"போலாம். வெடியால நேரத்துலயே கிளம்பிரோணும்."

ஏறும்போது ஒன்றும் பிரச்னை இல்லை. கண்டக்டர் வீட்டில் டீ குடித்துவிட்டு, வெயில் ஏறும் முன்பே இறங்கத் தொடங்கினார்கள். இந்த முறை மகன் மேலேயே கியரை மேனுவலுக்குத் தள்ளிவிட்டார். மலையில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது அப்பா காலத்துப் பாடம். அது எந்த வண்டிக்கும் பொருந்தும். இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகும். சூடு அதிகமானால் பிரேக் ஆயில் கொதித்து, மிதி கீழே போய்விடும், வண்டி நிற்காது. என்ஜினை வைத்து நிதானப்படுத்துவது அதற்காகத்தான். ஆனால், அந்த என்ஜின் பிடிப்பை வளைவுக்குள் போய்த் தேடக் கூடாது. அவசரம் என்றால் அதற்கு பிரேக்தான், பேடில் இல்லை.

40-ம் வளைவு வந்தது. மகன் பேடிலில் விரலை வைத்துக் காத்திருந்தார்.

"இப்ப" என்றார் அப்பா.

வளைவு இன்னும் கொஞ்ச தூரத்தில் இருந்தது. மகன் இழுத்தார். ஒரு மூச்சு விடும் நேரம். என்ஜின் தானாகவே 'வூம்' என்று ஒரு முறை உறுமியது. கியர் விழுந்தது. வண்டி நிதானப்பட்டது. அப்போதுதான் வளைவு வந்தது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது டபுள் கிளட்ச் அடிக்குது!"

அவர் ஓட்டிய பழைய பஸ்ஸில் கியரை இறக்குவது ஒரு வித்தை. க்ளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, க்ளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து என்ஜினை உறும வைத்து, மறுபடி க்ளட்ச்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். சுழற்சி ஒத்துப்போகாவிட்டால் பல் கடிக்கும், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். பயணிகளோடு வளைவுக்கு முன்னால் அதைச் செய்து முடிக்க அவருக்கும் நேரம் தேவைப்பட்டது. அதனால் எந்த மரத்தடியில் தொடங்கினால் எந்த இடத்தில் கியர் விழும் என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. இந்தக் காரில் கம்ப்யூட்டர் செய்வதும் அதே வேலைதான். அவருக்குக் காலில் இருந்தது, இதற்கு ஆயிலில் இருக்கிறது.

39. "இப்ப." 38. "இப்ப." ஒரு பாலம், ஒரு தேயிலைச் சரிவு, சுண்ணாம்பு அடித்த ஒரு கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு "இப்ப." சாப்பாட்டு மேசையில் அரை நிமிடம் தாமதமாகப் பேசுகிற மனிதர், மலையில் வளைவு வருவதற்கு முன்பே பேசினார். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. 22-ம் வளைவில் அதே மாதிரி ஒரு பஸ் ஏறி வந்தது. கார் அதற்கு முன்பே இரண்டாவது கியரில் ஓரமாக நின்று வழிவிட்டது. பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அப்பாவும் கையைத் தூக்கினார்.

12-ம் வளைவுக்குப் பிறகு அப்பா "இப்ப" சொல்வதை நிறுத்திவிட்டார். மகனின் விரல் அதற்குள் பழகியிருந்தது.

9-வது வளைவில் எல்லாரும் நிற்பதுபோல அவர்களும் நின்றார்கள். கீழே ஆழியாறு அணை தகடு மாதிரி மின்னியது. மேலே பாறையில் இரண்டு வரையாடுகள். மகன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"இத்தனை வருஷம் ஓட்டுனீங்களே, ஒரு தடவையாவது பயந்திருக்கீங்ளாப்பா?"

பதில் இல்லை. அப்பா அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கி, போட்டோ எடுத்து, கிளம்பியும் போனார்கள். வரையாடுகளும் நகர்ந்துவிட்டன. மகன் கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவை" என்றார் அப்பா.

மகன் காத்திருந்தார்.

"நைட்டு கடைசி ட்ரிப். நல்ல மழை. வண்டி நெறைய ஆளு. பாதி இறங்கறப்ப பிரேக் சூடாகிப் புடிக்கலை. செகண்ட் கியர்லயே, சுவத்து ஓரமாவே உரசற மாதிரி இறக்கிட்டு வந்தேன். உள்ள யாருக்கும் தெரியாது. கண்டக்டருக்கு மட்டுந்தான் தெரியும். ஆழியாறுல நிறுத்துனப்ப கை ஸ்டீயரிங்கை விட்டு வரலை. அவந்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு உட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லலை. சொன்னா மறுநா வேலைக்கு விடமாட்டான்னு."

மகனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சற்றுமுன் அந்தக் கண்டக்டர் வீட்டில்தான் டீ குடித்தார்கள். இருவரும் மழையைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும்தான் பேசிக்கொண்டார்கள்.

"அது எந்த வருஷங்ப்பா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுவர் மேல் உட்கார்ந்தார்.